புனர்பூசத்துக் கிழவன்

1

நியூசிலாந்தில் ஏப்ரல் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்க வேண்டும். கோடை முடிந்துவிட்டது என்று அரசாங்கம் நமக்குச் சொல்கிற முறை அது. கைபேசி தானாக மாறிக்கொள்ளும். அடுக்களைச் சுவரில் தொங்குகிறதை ஆள்தான் மாற்ற வேண்டும். போன வருடம் அந்த வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்த என் கணவர் கிறிஸ்துதாஸ், மேசையிலிருந்த சாயாக் கோப்பையை எடுத்தார். கோப்பை கையில் நிற்கவில்லை. கீழே விழுந்து உடைந்ததைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வந்தது. வார்த்தை வரவில்லை.

பக்கவாதம். இடது பக்க மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின.

குலசேகரத்திலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும், “தாசுக்கு இப்பம் எப்படி உண்டு?” என்றுதான் தொடங்குகிறார்கள். நல்லாயிருக்காரு என்று சொல்லி வைத்துவிடுவேன். அது பொய் இல்லை. ஆனால் அதில் பாதி விஷயம்கூட அடங்கவில்லை. இன்றைக்கு மறுபடியும் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறது. ஒரு வருடத்தில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று ஊரில் இருக்கிற உங்களுக்காக எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

எங்கள் ஊர் டனீடின். தெற்குத் தீவின் கீழ்ப்பக்கம், மலைச்சரிவுகளில் வீடுகள் ஏறிக்கிடக்கிற துறைமுக நகரம். இவருக்குப் பால்மாவு ஆலையில் எலக்ட்ரீசியன் வேலை. எனக்குக் குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில் வேலை. வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

இங்கே எந்தக் காரியத்துக்கும் ஒரு படிவம் உண்டு. எந்தப் படிவத்திலும் முதல் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு: உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையா? இவர் அதில் ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் பேனாவை அழுத்திக் குறி போடுவார். ஷார்ஜாவில் எட்டு வருடம் வேலை பார்த்து, பாகிஸ்தானியிடமும் பிலிப்பினோவிடமும் சண்டை போட்டுப் படித்த இங்கிலீஷ் அது. இலக்கணம் கிடையாது, வேகம் உண்டு. ஆலையில் இவர் சொல்லுகிற வேடிக்கைக்கு ஆறடி உயர வெள்ளைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் பேச்சு கொஞ்சம் திரும்பியது. திரும்பியது தமிழ் மட்டும். இங்கிலீஷ் வரவே இல்லை. யாராவது இங்கிலீஷில் பேசினால் பாதி புரிகிறது, பதில் சொல்ல ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. இப்படி நடப்பது உண்டு என்றார் மருத்துவர். பிற்பாடு படித்த மொழி போய், பால்குடி நாளில் கேட்ட மொழி நிற்குமாம். எல்லாருக்கும் அப்படி இல்லை, சிலருக்கு.

அன்றைக்கு நான் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தேன். இவர் நர்ஸைக் கூப்பிட்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். நர்ஸ் நல்ல பெண். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, போனை இவர் காதில் வைத்திருக்கிறாள். மறுமுனையில் சென்னைப் பக்கத்து அம்மா ஒருவர்.

“வெள்ளம்,” என்றாராம் இவர். “வெள்ளம் தா. வெள்ளம்.”

நான் திரும்பி வந்தபோது நர்ஸ் இவர் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு, ஜன்னல் திரையை விலக்கி வெளியே காட்டிக்கொண்டிருந்தாள். பாருங்கள், மழைகூட இல்லை, வெள்ளமெல்லாம் வராது, நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் சமாதானம். கட்டிலின் கால்மாட்டில் இருந்த குறிப்பில் ‘குழப்பத்தில் இருக்கிறார், வெள்ளப்பெருக்கு வரும் என்று பயப்படுகிறார்’ என்று எழுதியாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர் என்று நான் அவளுக்கு விளக்குவதற்குள் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. விழுங்குவதற்குச் சிரமம் என்று கெட்டியாக்கிய தண்ணீரைத்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஸ்பூனால் கொடுத்தேன். குடித்துவிட்டு இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வராது. தன்னைத் தவிர எல்லாருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார் போல.

அந்தச் சென்னை அம்மாவின் மேல் தப்பில்லை. அடுத்த முறை போனில் வந்தபோது அவர்களே கேட்டார்கள், “அவருக்கு இப்ப தாகம் தீர்ந்துச்சாம்மா?” என்று. அன்றைக்கு வந்த புதுப் படிவத்தில், மொழிபெயர்ப்பாளர் ‘வேண்டும்’ என்ற கட்டத்தில் நான் குறி போட்டேன். இவர் இடது கையால் தலையணையைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

3

எங்களுக்கு ஒரே மகள், அபிஷா. இங்கே வரும்போது ஆறு வயது. குலசேகரத்தில் ஒன்றாம் வகுப்பில் பாதி படித்திருந்தாள். ஒரு வருடத்துக்குள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் நாக்கில் ஏறிவிட்டது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நாங்கள் அதை ஒரு பெரிய விஷயமாக எடுக்கவில்லை. பிள்ளைக்குப் புரிகிறதல்லவா, போதும் என்று இருந்துவிட்டோம்.

பதினெட்டு வயதில் வடக்குத் தீவுக்குப் படிக்கப் போனாள். விண்வெளி இயற்பியல் என்றாள். இவர் நர்ஸிங் படிப்பாள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் படிப்பாள் என்று நினைத்திருந்தார். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால்கூடப் பேசித் தீர்த்திருக்கலாம். மகள் படிப்பது என்னவென்று இவருக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஊரில் யாராவது மோளு என்ன செய்யுதா என்று கேட்டால், “கம்ப்யூட்டர்லதான் வேலை” என்று முடித்துவிடுவார். அபிஷா ஒருமுறை அதைக் கேட்டுவிட்டாள்.

ஞாயிறுதோறும் போன் வரும். சாப்பிட்டியா மக்களே என்று மகளைக் கேட்பார். யெஸ் அப்பா என்பாள். அங்க குளிரா என்பார். நோ அப்பா. அம்மாட்ட குடுக்கேன் என்று போனை என்னிடம் நீட்டிவிடுவார். பிறகு நான் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எட்டு ஒன்பது வருடம் இப்படித்தான் போனது.

ஆஸ்பத்திரிக்கு அவள் விமானத்தில் வந்து சேர்ந்தபோது இவர் விழித்துக்கொண்டுதான் கிடந்தார். அபிஷா பேசத் தொடங்கியது இங்கிலீஷில். இவர் கண்கள் அவள் வாயையே பார்த்தன. நான் அவளை வராந்தாவுக்குக் கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னேன். திரும்பி உள்ளே போய், கட்டில் ஓரத்தில் குனிந்து நின்று சொன்னாள்:

“அப்பா, ஒனக்கு வலிக்கா?”

இருபது வருடமாக நான் கேட்காத குரல். அவளுடைய தமிழ் ஆறு வயதில் நின்றுபோன தமிழ். அதில் பெரியவர்கள் சொற்கள் எதுவும் இல்லை, ‘நீங்க’ இல்லை, ஆனால் குலசேகரத்து இழுப்பு அப்படியே இருந்தது, பெட்டியில் போட்டு மூடிவைத்திருந்த மாதிரி.

“இல்ல மக்களே,” என்றார் இவர். “நீ எப்பம் வந்த?”

4

ஒரு வாரத்துக்கு வந்தவள் தங்கிவிட்டாள். அவளுடைய ஆராய்ச்சி கடைசி வருடம்; தொலைநோக்கியில் பிடித்த கணக்குகள் எல்லாம் கையில் இருந்தன; இனி எழுதுவதுதான் வேலை, அதை எங்கிருந்தும் எழுதலாம் என்றாள். நான் காப்பகத்துக்குப் போகும் நேரம் அப்பாவும் மகளும் வீட்டில். இவர் வடக்கு ஜன்னல் ஓரத்து நாற்காலியில். இந்த நாட்டில் வெயில் வடக்குப் பக்கமாகத்தான் வரும். அவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு.

பேச்சுப் பயிற்சிக்காரர்கள் படம் போட்ட அட்டைகள் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு படத்தையும் காட்டிப் பெயர் கேட்க வேண்டும். தமிழிலேயே கேளுங்கள் என்றார்கள். ஆப்பிள், குடை, ஆடு எல்லாம் சரி. சிலதுக்குத் தமிழில் எனக்கே பெயர் தெரியவில்லை. புகைபோக்கி வைத்த வீடு, பனிச்சறுக்குப் பலகை, டோஸ்ட் செருகிவைக்கிற கம்பித்தட்டு. இவர் கம்பித்தட்டைப் பார்த்துவிட்டு, ஊரில் எரிச்சல் வந்தால் திட்டுகிற மாதிரி, “சவம்” என்றார். நல்ல தெளிவாக வந்தது. அபிஷா அதை ஒரு சரியான பதிலாகக் குறித்துக்கொண்டாள்.

இரண்டு மூன்று வாரத்தில் அட்டைகள் சலித்துவிட்டன. பசி, ஒண்ணுக்கு, வலி இவற்றைத் தவிர இவர் வாய் திறப்பதில்லை. கேட்டால் பதில், கேட்காவிட்டால் ஜன்னல். அது எனக்கு வெப்ராளமாக, மனசு கிடந்து தவிப்பதாக இருந்தது. ஆள் வீட்டில் இருக்கிறார், ஆனால் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார் என்று தோன்றும்.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்து, ஈரக்குடையை மாட்டிக்கொண்டிருந்தேன். இவர் ஊன்றுகோலோடு எழுந்து மேசைக்கு வந்து, லேப்டாப்பில் மேலும் கீழும் அலைபோலப் போகிற புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது என்னது மக்களே?” என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவராகக் கேட்ட முதல் கேள்வி. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“ஒரு ஸ்டார், அப்பா.”

இவர் யோசித்தார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஸ்டார் என்றால் டிசம்பரில் மரத்தில் தூக்குகிற காகித விளக்கு.

“கிறிஸ்மசுக்குத் தூக்குததா?”

“இல்ல, அப்பா. இது நெசம் ஸ்டார். மேல உள்ளது.”

அப்படித்தான் தொடங்கியது.

5

அந்த நட்சத்திரம் புனர்பூசம். அபிஷா இங்கிலீஷில் வேறு பெயர் சொன்னாள். தேடிப் பார்த்தபோது, நம் ஊரில் புனர்பூசம் என்று சொல்லுகிற இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று. எங்கள் வீட்டில் ஜாதகம் கிடையாது. ஆனால் திருவட்டாற்றில் என்னோடு படித்த சரோஜாவின் நட்சத்திரம் புனர்பூசம் என்று எனக்கு நினைவிருந்தது. அவள் கல்யாணம் பேசும்போது தெருவுக்கே அவள் நட்சத்திரம் தெரிந்திருந்தது.

அபிஷாவிடம் இருந்தது ஆறு வயதுத் தமிழ். அவள் சொல்ல வேண்டியிருந்ததோ பல்கலைக்கழகத்து விஷயம். வேறு வழியில்லாமல் இருக்கிற சொற்களை வைத்தே சொன்னாள். அந்த நட்சத்திரத்துக்கு வயசாயிட்டு. சின்னப் பிள்ளையா இருக்கும்போ வெள்ளையா எரிஞ்சது. நடுவுல உள்ள விறகு தீந்துபோச்சு. விறகு தீந்தா சின்னதாவும்னு நீ நெனப்ப, ஆனா இது ஊதிப் பெருசாவும். நம்ம சூரியன ஒம்பது பத்து பக்கத்துல பக்கத்துல வச்சா எவ்வளவு அகலமோ அவ்வளவு. பெருசானதும் சூடு குறைஞ்சு, நிறம் மாறிப்போச்சு. ஆரஞ்சு.

இவர் இடது கையால் தன் வயிற்றைத் தட்டினார். “வயசானா பெருசாவும்,” என்றார்.

அவளுக்குத் தமிழில் கிரகம் என்ற சொல் தெரியாது. கோள் என்று சொல்லலாம் என்றேன் நான். அவள் முகம் சுளித்தாள். அவளுக்குத் தெரிந்த கோள், பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கோள் சொல்வதுதான். கடைசியில் அப்பாவும் மகளும் தங்களுக்குள் பெயர் வைத்துக்கொண்டார்கள். நட்சத்திரம் கெழவன். அதைச் சுற்றிக்கொண்டிருக்கிற கிரகம் குட்டி. குட்டி என்றாலும் வியாழனைவிடப் பெரியது. ஒருமுறை சுற்றிவர ஒன்றரை வருடத்துக்கு மேலே ஆகும் என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான் பேச்சு. இவர் ஒன்றொன்றாகக் கேட்பார். சொல் கிடைக்காமல் நின்றால் அவள் காத்திருப்பாள். அவளுக்குச் சொல் கிடைக்காமல் நின்றால் இவர் காத்திருப்பார். இருவருக்குமே சொற்கள் குறைவு என்பதால் யாருக்கும் அவசரம் இல்லை. காப்பகத்தில் இரண்டு வயதுப் பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து, கையில் இருக்கிற பத்துச் சொற்களை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். அதே மும்முரம்.

மே மாதத்தில் ஒரு தெளிந்த சாயங்காலம். இங்கே அப்போதெல்லாம் ஆறு மணிக்கே இருட்டிவிடும். அபிஷா அப்பாவுக்குக் கோட்டும் கம்பளித் தொப்பியும் மாட்டி, கையைப் பிடித்துப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனாள். வடக்கே எதிர்மலை விளிம்புக்கு மேலே, தாழ்வாக, இரண்டு நட்சத்திரங்கள். கீழே இருந்தது வெள்ளை. மேலே இருந்தது அப்படி இல்லை.

“பழுக்காப் பாக்கு,” என்றார் இவர்.

அபிஷாவுக்குப் புரியவில்லை. பழுத்த பாக்கின் தோல் இப்படித்தான் ஆரஞ்சாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவள் மேலே பார்த்தபடி, பழுக்காப் பாக்கு, பழுக்காப் பாக்கு என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். குலசேகரத்தில் இது தலைக்கு மேலே நிற்கும், இங்கே மலையோரம் இறங்கி நிற்கிறது என்றாள். வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி இங்கே வந்துசேர முப்பத்துநாலு வருடம் ஆகும் என்றாள். எங்கள் கல்யாணத்துக்கு முந்தியது என்று நான் கணக்குப் போட்டேன். இவர் அதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை.

“குட்டி எங்க?” என்றார்.

“அது தெரியாது, அப்பா. ஆருக்கும் கண்ணுல தெரியாது.”

“பின்ன எப்படி உண்டுன்னு சொல்லுத?”

அவள் துணி காயப்போடுகிற இடத்திலிருந்த வாளியை எடுத்துக் குழாயில் பாதிக்கு மேல் தண்ணீர் பிடித்தாள். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, புல்லில் நின்று சுற்ற ஆரம்பித்தாள். “அப்பா, வாளியப் பாக்காத. என்னை மட்டும் பாரு,” என்றாள். வாளி வெளியே இழுக்க, அவள் உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தது. வாளியை இருட்டு மறைத்துவிட்டாலும் அவள் ஆடுவதைப் பார்த்தே கையில் ஏதோ கனம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

“கெழவன் இப்படி ஆடுதான். கொஞ்சூண்டு. நாங்க அத அளக்கோம்.”

சொல்லிக்கொண்டே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் முழுக்க அவள் மேலே. ஏப்ரலுக்குப் பிறகு இவர் சத்தம்போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு வந்த சிரிப்பு. நான் துண்டு எடுக்க உள்ளே ஓடினேன். துண்டை எடுத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

6

ஜூன் கடைசியில் அந்த நட்சத்திரம் சூரியனோடு சேர்ந்து மறைந்துவிட்டது. பேச்சு மறையவில்லை.

குளிர்காலம் முழுக்க இவருக்குக் கால் தேறியது, கை தேறவில்லை. வண்டி ஓட்டும் உரிமத்தைத் திரும்பக் கேட்டு எழுதிப்போட்டோம். மருத்துவச் சான்று போதாது என்று பதில் வந்தது. ஆலையில் வேலையை முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். கூட வேலை பார்த்த மூன்று பேர் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். இவருடைய வேடிக்கைக்குச் சிரித்தவர்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சிரிக்க ஒன்றும் இல்லாமல், தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு இவர் வெகுநேரம் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே, இவர் கேட்டார்:

“கெழவன் இனியும் பெருசாவானா?”

ஆவான் என்றாள் அபிஷா. ஒருபாடு காலம் கழிச்சு.

“அப்பம் குட்டிய முழுங்கிருவானா?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். தெரியாது என்றாள். ரெண்டு விதமா நடக்கலாம். கெழவன் ஊதி ஊதிப் பக்கத்துல வந்து குட்டிய இழுத்துக்கிடலாம். ஆனா அவன் ஊதும்போது அவன் மேல உள்ளதெல்லாம் காத்துல போற மாதிரி போயிரும். கனம் குறையும். கனம் குறைஞ்சா பிடிமானமும் குறையும். அப்பம் குட்டி பைய பைய தூரப் போயிரும். எது முந்தும்னு சொல்ல முடியாது.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், இடது கையால். ஸ்பூன் கொடுத்தால் வேண்டாம் என்பார்.

“போவட்டும் மக்களே,” என்றார். “தப்பிச்சுப் போவட்டும்.”

மறுநாள் காலையில் அபிஷா எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஒரு விஷயம் சொன்னாள். ஜெர்மனியில் ஒரு ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறதாம். படிப்பு முடிந்ததும், அடுத்த வருடம் நடுவில் சேர வேண்டும். அழைப்பு வந்து மூன்று வாரமாகிறது. சொல்லத் தைரியம் வரவில்லை. வேண்டாம் என்று எழுதிவிடலாம் என்று இருந்தாளாம்.

இங்கிருந்து ஜெர்மனி என்றால் உலகத்தின் மறுபக்கம். இவரைப் பார்த்தேன். இவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“செரி,” என்றார். “குளிருக்கு நல்ல கோட்டு வாங்கணும்.”

அதற்குப் பிறகு அவள் அழுதாள். நான்தான் எழுந்து சாயா போட்டேன்.

7

ஆராய்ச்சி முடிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் ஒரு நாள் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, அபிஷா தரையில் அப்பாவின் நாற்காலியை ஒட்டி உட்கார்ந்தாள். பல வருடத்து ஆட்டத்தை அளந்து பார்த்தாயிற்று. ஆனால் அது குட்டியால் வந்த ஆட்டம்தானா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கெழவன் மேலேயே கறைகள் இருக்கலாம்; அவன் மெல்லத் திரும்பும்போது அந்தக் கறைகள் வந்து போவதும் ஆடுவது போலவே தெரியுமாம். குட்டி இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றுதான் அவள் எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுதுவதும் நேர்மையான ஆராய்ச்சிதான் என்று அவளுடைய பேராசிரியர் சொன்னாராம். பட்டமும் கிடைத்துவிடும். ஆனால் நான்கு வருடம் ஒன்றைத் தேடியவளுக்கு அந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் போதும்? இவர் வேலை செய்கிற கையால் அவள் தலையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தார்.

போன வாரம் ஒரு வருடத்துப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேச்சு எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று பார்த்து, பயிற்சியைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று முடிவுசெய்வார்கள். பேச்சுப் பயிற்சிக்குப் புதிதாக வந்திருக்கிற இளம் பெண் ஒருத்தி. போன் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கத் தாமதமாகும் என்றாள். மகள் இருக்கிறாளே, அவளே சொல்லட்டும் என்று நான் கேட்டேன். விதிப்படி கூடாது, ஆனால் சரி என்றாள்.

அட்டைகளை முடித்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் பற்றி, நிறுத்தாமல், உங்கள் இஷ்டம் போலச் சொல்லுங்கள். அபிஷா அதைத் தமிழில் சொன்னாள்.

எனக்குப் பயமாக இருந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு இவர் இரண்டு மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்லிக் கேட்டதில்லை. ரப்பர் தோட்டத்தைப் பற்றி ஏதாவது சொல்வார், இல்லாவிட்டால் ஆலையைப் பற்றி என்று நினைத்தேன்.

இவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “வடக்க ஒரு கெழவன் உண்டு,” என்று தொடங்கினார். வெள்ளையாக எரிந்ததையும், விறகு தீர்ந்ததையும், ஊதிப் பெருத்ததையும், பழுக்காப் பாக்கு நிறத்தையும் சொன்னார். நடுவில் நின்றார், சொல் வரவில்லை, காத்திருந்தார், வந்தது. கையால் ஒரு வட்டம் போட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவனைச் சுற்றிப் போகிறது என்றார். அவன் ஆடுகிறதை அளப்பதுதான் என் மோளுக்கு வேலை என்றார். அவள் அப்பா வாயால் அவள் வேலையைச் சொல்லக் கேட்பது அதுதான் முதல் தடவை. அபிஷா வாக்கியம் வாக்கியமாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தாள். குரல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே போனது.

அந்தப் பெண் எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பரிசோதனையில் இல்லாத ஒரு கேள்வியை அவளாகவே கேட்டாள். அப்படியானால் அந்தக் கிரகம் நிஜமாகவே இருக்கிறதா?

அபிஷா அதை அப்பாவிடம் கேட்கத் தயங்கினாள். பிறகு கேட்டாள்.

“இவளுக்குத் தெரியாது,” என்றார் இவர். “படிச்சவங்க ஆருக்கும் தெரியாது.” மூச்சு வாங்கினார். “ஆனா உண்டு. ஒருபாடு காலமா ஆடுதாம்லா. ஆரும் இல்லாமலா ஆடுவான்?”

அபிஷா மொழிபெயர்க்காமல் அப்பாவையே பார்த்தாள். அந்தப் பெண் பேனாவோடு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன சொன்னார் என்று மெதுவாகக் கேட்டாள்.

“உண்டு என்கிறார்,” என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னாள் என் மகள். பிறகு மேசைக்குக் கீழே கிடந்த அவருடைய வலது கையை எடுத்து, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.